பெயர் வெட்டிய டம்ளர்

மதிப்பிற்குரிய ஐயா,

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடும் நாளில் பரிசளிப்பு நடத்துவது எங்கள் வழக்கம். இதுவரை முதல் மூன்று இடங்களுக்கு மட்டுமே பரிசு தந்தோம். இம்முறை நேர்மை, உதவும் மனம், விடாமுயற்சி ஆகியவற்றுக்கும் வகுப்புக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். “40 பிள்ளைகளில் ஒருத்தியை நேர்மையானவள் என்று மேடையேற்றினால் மற்ற 39 பேர் யார்?” என்று ஒரு தந்தை கேட்டுவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பண்புக்குப் பரிசு தரலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தத் தந்தை கேட்டது நியாயம். ஆறாம் வகுப்பில் நன்னடத்தைப் பரிசு வாங்கியவன் என்ற தகுதியில் சொல்கிறேன். பரிசு ஓர் எவர்சில்வர் டம்ளர். அதில் வெட்டியிருந்த என் பெயரில் ஓர் எழுத்து பிழை. அந்தப் பருவத்தில் மஞ்சள்காமாலை வந்து பாதி நாள் வீட்டில் கிடந்தேன். வகுப்பிலேயே இல்லாதவன்மேல் யார் புகார் சொல்லப்போகிறார்கள்? எனக்கு விட்டுப்போன பாடங்களையெல்லாம் தன் கையால் எழுதிக் கொடுத்த பையனோ, நான் திரும்பி வந்தபின் எனக்குக் கணக்கு விளக்கிக்கொண்டிருந்த குற்றத்துக்காக, ‘பேசியவர்கள்’ பட்டியலில் கரும்பலகை ஏறினான். எங்கள் ஆச்சி பல வருடம் அந்த டம்ளரில்தான் எனக்கு மோர் தந்தார். அந்த மோர் எனக்கு ஒருநாளும் சரியாக இறங்கியதில்லை.

ஆனாலும் பரிசே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குணத்துக்குத் தராமல் செயலுக்குத் தாருங்கள். ‘நேர்மை’ என்று மொட்டையாக அறிவிப்பதற்குப் பதிலாக, “கூட்டல் தவறி இரண்டு மதிப்பெண் கூடுதலாக விழுந்திருந்ததைத் தானே விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள்” என்று நடந்ததை நடந்தபடி வாசித்தால், மற்ற 39 பேரையும் நேர்மையற்றவர்கள் என்று சொன்னதாகாது. அப்படி ஒரு சந்தர்ப்பம் தங்களுக்கு வாய்த்தால் என்ன செய்யலாம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். வகுப்புக்கு ஒருவர் என்ற கணக்கையும் விட்டுவிடுங்கள். ஒரு பருவத்தில் ஆறு பேர் இருக்கலாம், ஒருவரும் இல்லாமலும் போகலாம். ஜூன் மாதத்திலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வைப்பது அவசியம், ஏனென்றால் டிசம்பர் கடைசியில் உட்கார்ந்து யோசித்தால் சத்தம் போடாத பிள்ளைகள் மட்டுமே நம் நினைவுக்கு வருவார்கள்.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடம் அறிவிப்பதை 2017-இல் தமிழ்நாட்டில் நிறுத்தினார்கள். எண்ணால் அளக்கக்கூடிய மதிப்பெண்ணிலேயே முதலிடம் சொல்வதில்லை என்று ஆனபிறகு, அளக்கவே முடியாத பண்பில் முதலிடம் தேடுவது வேடிக்கைதான்.

நாணயத்தைக் கொண்டாட நம் ஊரில் வேறொரு வழி இருந்தது. செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போன காலத்தில், பெட்டியடிப் பையனாகச் சேரும் சிறுவன் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே பேரேடு எழுதுவதைப் பார்த்துப் பழகி, பற்று வரவு ஒத்துவரும்வரை பெரியவர்களோடு உட்கார்ந்திருந்து, தேறியபின் அடுத்தாள், அதாவது உதவியாளர், ஆவான். அவன் கைசுத்தமானவன் என்று கண்டுகொண்டதற்கு மேடையும் மாலையும் கிடையாது. அவனை நம்பி விடும் தொகை கூடும், அவ்வளவுதான். அக்காலத்தை அப்படியே மெச்சுவதற்கில்லை, பாலகர்களைக் கடல்கடந்து அனுப்பிய காலம் அது. ஆயினும் நம்பிக்கையே பரிசு என்ற அந்த முறையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டியவளிடம் வகுப்பு நூலகப் பெட்டியின் சாவியையோ, சுற்றுலாவுக்கு வசூலாகும் பணத்தின் கணக்கையோ கொடுத்துப் பாருங்கள். இதிலும் ஒரு கண் வேண்டும்: உதவும் மனம் உள்ள பிள்ளை என்று பெயர் வாங்கியவன் தலையில்தான் ஆசிரியர் அறைக்கு நோட்டுக்கட்டு சுமக்கும் வேலை ஆண்டு முழுவதும் விழுகிறது.

முதல் மூன்று இடங்களுக்கான பரிசை நிறுத்த வேண்டியதில்லை. உழைத்து வாங்கிய மதிப்பெண்ணுக்கு உரிய மரியாதை அது.

சான்றிதழ்கள் ஏற்கெனவே அச்சாகிவிட்டன என்றால், ‘நேர்மை’ என்ற சொல்லுக்குக் கீழே எப்படியும் இரண்டு வரிக்கு இடம் இருக்கும். நடந்ததை அங்கே உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். பெயரில் மட்டும் எழுத்துப்பிழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.