நோயாளிகளை நடக்க வைக்க மருத்துவப் பணியாளர்கள் என்ன செய்யலாம்?

"வாக்கிங் போங்கன்னு எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டேங்கிறாங்க, எப்படித்தான் சொல்றது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் சுகர், பிரஷர் நோயாளிகளைப் பார்ப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் ஈரோடு பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர்.

மாதாமாதம் மாத்திரை வாங்க வரும் ஓர் அம்மா இருந்தார். விசைத்தறிப் பட்டறையில் தறிக்கான நூலைத் தாரில் சுற்றும் வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தபடிதான். சாப்பிட்ட பிறகு பார்த்தால் சர்க்கரை 280க்குக் குறையாது. "காலையில எந்திரிச்சதும் முக்கால் மணி நேரம் நடங்கம்மா" என்பேன், தலையை ஆட்டுவார். அடுத்த மாதமும் அதே அளவுதான். ஒரு நாள் வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, "உங்க உடம்பு மேல உங்களுக்கே அக்கறை இல்லைன்னா நான் என்ன பண்றது" என்று சத்தம் போட்டுவிட்டேன். அதற்கப்புறம் மூன்று மாதம் அவர் வரவே இல்லை, மாத்திரையும் வாங்கவில்லை.

மகள்தான் திரும்பக் கூட்டி வந்தார். தனியாக உட்கார வைத்து, "நடக்கப் போனப்ப என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

"நாலு நாள் போனனுங்க சிஸ்டர். அஞ்சாம் நாள் வேர்த்துக் கொட்டி, கையெல்லாம் நடுங்கி, கடைத் திண்ணையில உக்காந்துட்டனுங்க. அப்புறம் பயமாப் போச்சு."

கிளிமிபிரைட் என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் நடந்திருக்கிறார். வயிற்றில் சாப்பாடு இல்லாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை அது. அதோடு நடையும் சேர்ந்ததால் ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாகக் குறைந்து தாழ்சர்க்கரை வந்திருக்கிறது. அவர் சொல் பேச்சு கேட்காதவர் இல்லை. நான் சொன்னதைக் கேட்டதால்தான் அப்படி ஆனது. மாத்திரையை எப்போது போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

டாக்டரிடம் சொல்லி மாத்திரையைச் சரிபார்த்தோம். அப்புறம், "உங்களுக்கு எப்ப தோதுப்படும்?" என்றேன். ராத்திரி சாப்பிட்டதும் பேரனோடு கோயில் வரைக்கும் போய் வருவதாக அவரே சொன்னார். பத்து நிமிட நடைதான். சாப்பிட்டதும் நடந்தால் ஏறுகிற சர்க்கரை மட்டுப்படும். அதையே அவருடைய நோட்டில் எழுதிவிட்டு, அடுத்த மாதம் சர்க்கரை அளவுக்கு முன்னால் கோயில் நடையைப் பற்றிக் கேட்டேன். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான்காம் மாதம் சர்க்கரை 190. மாத்திரை ஒழுங்காகப் போட்டதும் காரணம்தான், நடை மட்டுமே என்று நான் சொல்லவில்லை.

"பத்து நிமிஷம் எந்த மூலைக்கு?" என்று யாராவது கருத்தில் எழுதுவீர்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடற்பயிற்சி வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்ததை, உலக சுகாதார நிறுவனம் 2020இல் எடுத்தேவிட்டது. நடக்காமலே இருப்பவருக்குத் தொடங்குவதுதான் பெரிய காரியம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். நெஞ்சுவலி, கால் புண் இருந்தால் முதலில் டாக்டர் பார்க்கட்டும்.

இதையெல்லாம் கேட்க நேரம் வேண்டுமே! ஒரு காலையில் நூறு பேர் வந்தால் ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைப்பதே பெரிது. மாதாந்திர அறிக்கையில் எத்தனை பேருக்குப் பரிசோதனை, எத்தனை பேருக்கு மாத்திரை என்று கட்டம் இருக்கிறது, உட்கார வைத்துப் பேசியதற்குக் கட்டம் இல்லை.