கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமா?

கேள்வி: 22 வருடமாக டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன். இப்போது வருகிற வண்டிகளில் எல்லாம் சென்சார். போன வாரம் ஒரு வண்டியை இரண்டு நாள் வைத்திருந்து, முடியாமல் திருப்பிக் கொடுத்தேன். வேலை பழகும் பையன் போனைப் பார்த்து ஏதோ சொன்னான். அவனிடம் கேட்க மனம் வரவில்லை. வயது 46. இனி எனக்கு இது வராது. பட்டறையை மூடிவிடலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: மூடுவதைப் பற்றிக் கணக்கு நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள், அந்த ஒரு வண்டியைப் பார்த்து வேண்டாம்.

2020 ஏப்ரலில் புகை மாசைக் குறைக்கும் பி.எஸ்.6 விதி வந்ததும், பெரும்பாலான புது வண்டிகளில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் போய், சென்சார் சொல்வதை வைத்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வந்தது. யாரும் உங்களைக் கேட்டுவிட்டு மாற்றவில்லை. ஆனால் இன்ஜினுக்கு இன்றைக்கும் வேண்டியது காற்று, பெட்ரோல், தீப்பொறி மூன்றும்தான். ஏர் ஃபில்டர் அடைப்பும் பிளக் கோளாறும் உங்களுக்குப் புதிதா என்ன? பேட்டரியை மட்டும் முன்பைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். அது நன்றாக இறங்கிவிட்டால் பெட்ரோல் பம்ப்பே ஓடாது. கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் வாங்கும் முன், மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள்.

எனக்கு உறுத்தியது வேறு. "சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார்" என்று ஊரே உங்களைப் புகழ்ந்திருக்கும். அமெரிக்க உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை 'புத்திசாலி' என்றும், சிலரை 'நன்றாக உழைத்தாய்' என்றும் பாராட்டினார்கள். அடுத்து எந்த மாதிரிப் புதிர் வேண்டும் என்று கேட்டபோது, புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் தங்களுக்குச் சுலபமாக வருவதையே கேட்டார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும் புதிரைக் கேட்டார்கள். 46 வயது மெக்கானிக்கும் அப்படித்தான் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை; நான் சொல்கிறேன். உங்களைத் தடுப்பது சென்சார் இல்லை, பையன் முன்னால் தடுமாறுவோமோ என்ற கூச்சம். கார்புரேட்டரும் உங்களுக்கு முதல் நாளே வந்துவிடவில்லை, எத்தனை தடவை பிரித்துக் கெடுத்திருப்பீர்கள்! அன்றைக்கு நீங்கள் பையன், அதனால் யாரும் கணக்கு வைக்கவில்லை.

சரி, இப்போது என்ன செய்யலாம்? பல வண்டிகளில் மீட்டரில் இருக்கும் இன்ஜின் செக் லைட் எத்தனை முறை மினுக்குகிறது என்பதை வைத்தே கோளாறு எது என்று கண்டுபிடிக்கலாம். அதைப் பையன் போனில் தேடட்டும். வண்டியைப் பிரித்து அவனுக்குக் காட்டுவது உங்கள் வேலை. அப்புறம், திருப்பிக் கொடுத்த வண்டிக்காரருக்கு ஒரு போன் போடுங்கள். எங்கே சரியானது, என்ன கோளாறாம் என்று கேளுங்கள். பேசும்போது பையனும் பக்கத்தில் இருக்கட்டும்.