ஹால்டிங் பணம் யாருக்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கேரளத்தில் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் ஒரு சரக்கு லாரி கம்பெனியில் புக்கிங் குமாஸ்தாவாக இருக்கிறேன். ஊர் கொழிஞ்சாம்பாறை. மொத்தம் நாற்பது பேர் வேலை செய்கிறோம், பெரும்பாலும் ஓட்டுநர்கள். சங்கம் தொடங்குவதா வேண்டாமா என்று ஒரு மாதமாக டீக்கடையில் வாக்குவாதம் நடக்கிறது. சங்கம் வந்தால் முதலாளி ஆபீஸைப் பொள்ளாச்சிக்கு மாற்றிவிடுவார், நோக்குகூலி, அதாவது சுமக்காமல் பார்த்து நின்றதற்கே கூலி, வாங்கியவர்கள் கதிதான் நமக்கும் என்கிறார் மூத்த ஓட்டுநர் ஒருவர். எந்தக் கொடியின் கீழ் சேர்வது என்பதில் வேறு சண்டை. மலையாளத் தலைவர்கள் தமிழர்களான எங்களுக்காகப் பேசுவார்களா என்ற சந்தேகமும் இருக்கிறது. என் தங்கை கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்து உதவியவர் முதலாளி. நான் கையெழுத்துப் போட்டால் அது நன்றிகெட்டத்தனம் ஆகாதா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் அப்பாவின் பழைய டைரிகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

கொடியின் நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். மொழியைப் பற்றிய சந்தேகத்துக்கு எனக்குப் பொறுமை இல்லை. கொழிஞ்சாம்பாறையில் பிறந்த உங்களுக்கு மலையாளம் வராதா? நீங்களே எழுந்து பேசுங்கள்.

நன்றி என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. முன்பணம் கடன். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார் அல்லவா? நல்ல மனிதர்தான், சமயத்தில் உதவினார், மறக்க வேண்டாம். கடன் தீரும்வரை ஒழுங்காகக் கட்டுங்கள். அதற்கு மேல் உங்கள் கையெழுத்தையும் அவரிடம் அடகு வைக்க யார் சொன்னது? அவர் லாரி உரிமையாளர் சங்கத்தில் இருக்கிறாரா என்று விசாரித்துப் பாருங்கள். இருந்தால், அங்கே கையெழுத்துப் போடும்போது யாருக்கு நன்றி கெட்டுவிட்டோம் என்று அவர் யோசித்திருக்க மாட்டார்.

2024 ஜனவரி முதல் இரண்டு நாட்கள் நினைவிருக்கிறதா? விபத்தில் ஓர் உயிர் போகக் காரணமாகிவிட்டுத் தகவல் சொல்லாமல் போனால் பத்தாண்டு வரை சிறை என்று புதிய தண்டனைச் சட்டத்தில் எழுதியதை எதிர்த்துப் பல மாநிலங்களில் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நின்றது. டெல்லி இறங்கி வந்தது. ஆனால் உள்துறைச் செயலருடன் உட்கார்ந்து பேசியது அகில இந்திய மோட்டார் போக்குவரத்துக் காங்கிரஸ், அதாவது வண்டிச் சொந்தக்காரர்களின் அமைப்பு. சிறைக்குப் போக வேண்டியவன் ஓட்டுநர். அவனுக்காகப் பேச அவன் முதலாளிதான் கிடைத்தார்.

அப்பாவும் லாரி ஓட்டுநர். பள்ளி விடுமுறையில் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், கோலாரிலிருந்து திருச்சூருக்குத் தக்காளி லோடு. தமிழக–கேரள எல்லையில் வாளையார் சோதனைச் சாவடிக்கு முன்னால் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நின்றன. எங்கள் காகிதத்தில் ஒரு முத்திரை சரியாக விழவில்லை என்று ஓரம் கட்டச் சொன்னார்கள். ஒரு இரவு, ஒரு பகல், மறுபடி ஒரு இரவு. கணவாய்க் காற்றில் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் மதியம் பின்கதவின் இடுக்கிலிருந்து சிவப்பாக நீர் சொட்டத் தொடங்கியது. அப்பா தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டு, விரலை முகர்ந்து பார்த்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. ஊர் திரும்பியதும் அழுகிய பெட்டிகளுக்கான பணத்தை அவருடைய பேட்டாவில் கழித்தார்கள்.

வாளையாரில் இரவு தங்கினால் அப்பா டைரியில் 'வா' என்று ஒற்றை எழுத்து எழுதுவார். உங்கள் கடிதம் வந்த அன்று நான் எண்ணிக்கொண்டிருந்தது அதைத்தான். அந்த ஒரு வருட டைரியில் மட்டும் 61 'வா' இருக்கிறது. டிரிப்புக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஆகவே அந்த 61 இரவுகளுக்கும் அவருக்குச் சல்லிக்காசு கிடையாது. தூங்கவும் முடியாது. கயிற்றை அறுத்துப் பெட்டியை இறக்கிவிடுவார்கள் என்று காவல் இருக்க வேண்டும்.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. தொழிலாளி முதலாளியின் வசத்தில் இருக்கும் நேரம் வேலை நேரம் என்றுதான் அதன் விளக்கம் தொடங்குகிறது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் முனையத்தில் சும்மா காத்திருப்பதைச் சொல்ல வரும்போது, 15 நிமிடத்துக்குக் குறைவானதை மட்டுமே குறிப்பிட்டுச் சேர்க்கிறது. அப்பாவின் 61 இரவுகள் அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு அப்பால் கிடக்கின்றன. இப்போது அந்தச் சட்டமே 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது.

உங்கள் மூத்த ஓட்டுநர் நோக்குகூலியைச் சொல்லிப் பயமுறுத்துகிறார். அது தவறுதான். சுமக்காத மூட்டைக்குக் கூலி கேட்டது எல்லாச் சங்கங்களின் பெயரையும் கெடுத்தது. 2018 மே 1 முதல் கேரள அரசே அதைத் தடைசெய்தது. ஆனால் அவரையே கேளுங்கள்: இரவு முழுக்கச் சரக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஓட்டுநருக்கு என்ன கூலி? அவன் பார்த்துக்கொண்டிருந்தது வேலை. அவன் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்திருந்தால் தெரியும், அது வேலையா இல்லையா என்று.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வரிச் சாவடிகள் மூடப்பட்டபோது நான் அழாத குறை. ஆனால் காத்திருப்பு அங்கிருந்து நகர்ந்து கோடவுன் வாசலில் போய் நின்றுகொண்டது. இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. வண்டி உள்ளே வந்த நேரத்தையும் லோடு இறங்கிய நேரத்தையும் ரிஜிஸ்டரில் எழுதுகிறவர் நீங்கள். வண்டி நாள்கணக்கில் நின்றுபோனால் சரக்குக்காரரிடம் கம்பெனி ஹால்டிங் என்று காத்திருப்புக் கட்டணம் வாங்குமே, அந்த பில்லைப் போடுகிறவரும் நீங்கள்தானே? அதில் எத்தனை ரூபாய் அந்த ஓட்டுநரின் கைக்குப் போகிறது? ஒரு மாத வாக்குவாதத்தில் கொடி வந்திருக்கிறது, பொள்ளாச்சி வந்திருக்கிறது, இது மட்டும் உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட வரவில்லை. நாள் முழுக்க அந்த ரிஜிஸ்டரின் முன்னால் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது, தம்பி?

கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடுங்கள். ஏழு பேர் சேர்ந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம், நாற்பது பேர் உள்ள இடத்துக்கு அது போதும். முதல் கோரிக்கையாக ஹால்டிங்கில் ஓட்டுநரின் பங்கை எழுதுங்கள். பொள்ளாச்சிக்குப் பயப்படும் அந்த மூத்தவரை ஒதுக்கிவிடாதீர்கள். முதல் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, போன மாதம் எத்தனை இரவு எங்கெங்கே நின்றார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.