குனிவது வேறு, தாங்குவது வேறு

கேள்வி: எனக்கு வயது 22. ஊர்க் கழகத்துக்காகக் கரப்பந்தாட்டம் விளையாடுகிறேன். முழங்காலை மடிக்காமல் குனிந்தால் என் விரல்கள் கணுக்காலைக்கூட எட்டுவதில்லை. வலைப்பந்தாட்டம் ஆடும் என் தங்கையோ உள்ளங்கையையே நிலத்தில் பதிக்கிறாள். ஆனால் ஒரு முழங்கையை ஊன்றி உடலைப் பக்கவாட்டில் தாங்கும் பயிற்சியில் அவள் எனக்கு முன்பே தளர்ந்துவிடுகிறாள். எங்கள் இருவரில் யாருடைய முதுகு உறுதியானது?
- வாசகர், கிளிநொச்சி

பதில்: குனிந்து நிலத்தைத் தொடுவதை வைத்து முதுகின் உறுதியை அளக்க முடியாது. அதில் பெரும்பங்கு தொடையின் பின்புறத் தசைகளுக்கு உரியது; கை, கால்களின் நீளமும் முடிவை மாற்றும். 1952இல் வெல்ஸ், டில்லன் ஆகியோர் அறிமுகப்படுத்திய, கால்நீட்டி அமர்ந்து எட்டித் தொடும் சோதனையும் அத்தசைகளின் நெகிழ்வையே ஓரளவு காட்டும். அதில் இளம்பெண்கள் சராசரியாக முந்துவது வழமை.

உறுதி என்பது தசைகள் தாங்கிப் பிடிக்கும் திறன். தசைகள் நீக்கப்பட்ட இடுப்புப்பகுதி முள்ளந்தண்டு ஏறத்தாழ 9 கிலோ பாரத்திலேயே வளைந்து சரியும் என்பது ஆய்வுகூடத்தில் கண்டறியப்பட்டது. அப்படியிருக்க, காலபோக அறுவடையில் நெல் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு வரம்பில் நடக்க முடிவது, வயிற்றைச் சுற்றியுள்ள குறுக்குத் தசை, முள்ளந்தண்டை ஒட்டிய சிறுதசைகள், மேலே நெஞ்சறையையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு, கீழே இடுப்புத்தளத் தசைகள் ஆகியன ஒருங்கே இறுகுவதால்தான்.

பக்கவாட்டில் தங்கை முந்தித் தளர்வதைக் கொண்டு அவளுடைய முதுகு பலவீனமானது என்று முடிவுகட்டாதீர்கள். முள்ளந்தண்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மக்கில் குழுவினர் 1999இல் வெளியிட்ட, நலமான இளவயதினரின் அளவீடுகளில், பக்கவாட்டில் ஆண்கள் சராசரியாக 95 விநாடியளவும் பெண்கள் 75 விநாடியளவும் தாங்கினர். ஆனால் மேலுடலை மேசை விளிம்புக்கு வெளியே கிடையாக நீட்டி வைத்திருக்கும் சோதனையில் ஆண்கள் 146 விநாடியும் பெண்கள் 189 விநாடியும் நின்றனர். அச்சோதனையில் நீங்கள் தங்கையிடம் தோற்கவும் கூடும்.

தங்கை இனிமேலும் வளைந்து பழகத் தேவையில்லை. பக்கவாட்டுத் தாங்கலையும், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டும் பயிற்சியையும் ஒவ்வொரு முறையும் பத்து விநாடி வீதம் திரும்பத் திரும்பச் செய்யட்டும். யார் நெடுநேரம் நிற்பது என்று போட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தளர்ந்த இடுப்பு தொய்ந்த பின் கழியும் விநாடிகளால் பயனில்லை. நீங்கள், விளையாடி முடித்து உடல் சூடாக இருக்கும்போது, மல்லாந்து படுத்து ஒரு காலை நேராக உயர்த்தி முப்பது விநாடி பிடியுங்கள். பின் மற்றக் காலுக்கும் அவ்வாறே செய்யுங்கள். ஆட்டத்துக்குச் சற்று முன் நெடுநேரம் தசையை இழுத்துப் பிடித்தால் துள்ளும் வலு சிறிது குறையும். பந்தை எப்போதும் ஒரே கையால் அடிப்பவர் என்பதால், இரு பக்கத் தாங்கலையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது.

விடிந்தெழுந்தவுடன் முழுமையாகக் குனிய வேண்டாம். இரவில் முள்ளந்தண்டு வட்டத்தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருப்பதால், அவ்வேளையில் குனியும்போது அவற்றின்மீது அழுத்தம் கூடும். முழங்காலுக்குக் கீழே பரவும் வலியோ காலில் விறைப்போ இருந்தால் பயிற்சியை நிறுத்தி வைத்தியரைக் காணுங்கள். சிறுநீரை அடக்க முடியாமற் போனால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.