தண்ணீர் அதிகமாகி வாடிய தொட்டிச் செம்பருத்தியைக் காப்பாற்ற முடியுமா?

முடியும், வேர் மொத்தமும் அழுகியிருக்காவிட்டால். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மண் சொதசொதவென்று இருக்கும்போதே இலை மஞ்சளாகித் தொங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் முதலில் தண்ணீர்ச் செம்பைக் கீழே வையுங்கள்.

எனக்கும் பாளையங்கோட்டை வீட்டு மாடியில் இதே கதைதான். ஐப்பசி அடைமழை, நான் ஒரு வாரம் ஊரில் இல்லை, ஆச்சிதான் செடிகளைப் பார்த்துக்கொண்டாள். மழை விட்ட பிறகும் செம்பருத்தி தலை தொங்கி நின்றதும் "பாவம், தாகத்துல கெடக்கு" என்று காலையில் ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு ஊற்றியிருக்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, காய்ந்து வாடுவதும் மூழ்கி வாடுவதும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நின்றுவிட்டால் வேருக்குக் காற்று கிடைக்காமல் செத்துப்போகிறது, செத்த வேரால் பக்கத்தில் நிற்கும் தண்ணீரைக்கூட உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈரத்துக்குள் நின்றுகொண்டே வாடுகிறது. என் பங்குக்கு நானும் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த கரிசல் மண்ணை "சத்து" என்று அப்படியே தொட்டியில் நிரப்பியிருந்தேன். பருத்திக்கு அது தங்கம், தொட்டிக்குள் களிதான்.

நாலைந்து இலை மட்டும் பழுத்திருந்தால் செடியைப் பிடுங்க வேண்டாம். அடித் துளை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பார்த்து, தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி, நிழலில் காயவிடுங்கள். தண்டு வரை துவண்டுவிட்டதென்றால் மண்ணோடு உருவிப் பார்க்கத்தான் வேண்டும். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். அழுகியது கறுத்து, இழுத்தால் தோல் கழன்று நார் மட்டும் கையில் வரும், சாக்கடை வாடை வேறு. அதையெல்லாம் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் வெட்டுங்கள். வேர் குறைந்துவிட்டதால் மேலேயும் மூன்றில் ஒரு பங்கு கிளையைக் குறைத்துவிடுங்கள், மொட்டு இருந்தாலும் இரக்கம் பார்க்காமல்.

அப்புறம் புது மண். நான் இரண்டு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு மணல் போட்டேன் (எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்த மணல் என்றால் தூசி போகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும்). பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு காருகுறிச்சி மண் தொட்டிக்கு மாறினேன், ஈரம் அதன் சுவர் வழியாகவும் கசிந்து காயும். பெரிய தொட்டி வேண்டாம், வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் சும்மா தேங்கும். புதுத் துளிர் வரும்வரை உரம், பிண்ணாக்குக் கரைசல் எதுவும் கூடாது. விரலை இரண்டு கணு ஆழம் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

எனக்குத் துளிர் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அதுவரை ஆச்சியை மாடிப்படி ஏறவிடாமல் பார்த்துக்கொண்டதுதான் பெரிய வேலை. சரி, உங்கள் தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள்.