1868 கடிதத்தில் எழுத்துமேல் எழுத்து: படிப்பது எப்படி?

நீங்கள் அனுப்பிய 1868 கடிதத்தின் படத்தை 90 பாகை திருப்பிப் பாருங்கள். மை கசிந்திருக்கிறது என்று நினைத்தீர்கள்; அது கசிவில்லை. கடிதம் எழுதியவர் பக்கத்தை ஒருமுறை எழுதி முடித்து, தாளைத் திருப்பி, அதே பக்கத்தில் குறுக்காக மறுபடி எழுதியிருக்கிறார்.

1840க்கு முன் பிரிட்டனில் எத்தனை தாள், எவ்வளவு தூரம் என்று பார்த்துத் தபால் கட்டணம் வாங்கினார்கள்; அதனால் தாளை மிச்சப்படுத்த இப்படி எழுதினார்கள். அப்புறம்தான் அரை அவுன்ஸுக்கு ஒரு பென்னி. ஆகவே 1868இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமிலிருந்து அங்கேயே உள்ள பாத் (Bath) நகருக்கு எழுதியவருக்கு இந்தச் சிக்கனம் தேவையே இல்லை. மதராஸ் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என்கிறீர்கள். இளமைப் பழக்கம் விடவில்லை போலிருக்கிறது. (பென்ஷன்காரர் கைச்சிக்கனம் எந்த ஊரிலும் ஒன்றுதான்!)

'மை டியர்' என்ற விளிப்பு எந்தத் திசையில் நேராக நிற்கிறதோ, அதுதான் முதல் அடுக்கு. அதை நான்கு பக்கமும் படித்துவிட்டு, பிறகு குறுக்கு வரிகளுக்கு வாருங்கள். கடைசியில் போட்ட கையொப்பம் முதல் பக்கத்திலேயே குறுக்காக இருந்தால் நான் சொல்வது சரி.

ஒன்று மட்டும் கவனம்: மடித்த தாளில் சிலர் 1, 3, 2, 4 என்ற வரிசையிலும் எழுதினார்கள். வாக்கியம் தொடராவிட்டால் பக்கத்தை மாற்றிப் பாருங்கள்.