வெள்ளம் வடிந்த வீட்டில் மின்கட்டணம் ஏன் ஏறுகிறது?

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தள வீடு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்டுக்குள் இருந்த கணக்கு, அதன்பின் 550-ஐத் தாண்டுகிறது. புதிதாக எதுவும் வாங்கவில்லை. ‘பவர் சேவர்’ பெட்டி மாட்டினால் குறையும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு சின்ன கெப்பாசிட்டர். வீட்டு மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணுகிறது. அதை அந்தப் பெட்டியால் குறைக்க முடியாது. வெள்ளம் வந்த தெருவாகப் பார்த்து இதை விற்க வருகிறார்கள். மீட்டரை மெதுவாக ஓட வைப்பதாகச் சொல்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அது மின்திருட்டு, வழக்கு உங்கள் பெயரில்தான் வரும்.

முதல் சந்தேகம் சுவருக்குள் இருக்கும் வயரிங். எல்லா ஸ்விட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் பிளக்குகளைப் பிடுங்குங்கள். மெயின் மட்டும் ஆனில் இருக்கட்டும். மீட்டரின் சிவப்பு விளக்கு அப்போதும் விட்டுவிட்டுச் சிமிட்டினால், ஈரமான ஸ்விட்ச் பெட்டி வழியாக மின்சாரம் கசிகிறது. 0.3 ஆம்பியர் கசிந்தாலே இரண்டு மாதத்தில் சுமார் 100 யூனிட். இது காசு விஷயம் மட்டுமல்ல, ஷாக் அடிக்கும் விஷயம். சுவரைத் தொட்டுப் பார்க்காதீர்கள், உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று அதைத் தாண்டி நேராக இணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. உங்கள் வீட்டில் அப்படிச் செய்திருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள்.

அடுத்தது ஏ.சி. நனைந்த செங்கல் சுவர் மாதக்கணக்கில் ஈரத்தை விடும். குளிர வைப்பதோடு அந்த ஈரத்தையும் ஏ.சி. பிழிந்தெடுக்க வேண்டியிருப்பதால் அதிக நேரம் ஓடும். பகலில் ஜன்னலைத் திறந்து மின்விசிறி போடுங்கள், காயும்வரை பெயின்ட் அடிக்காதீர்கள். தண்ணீரில் மூழ்கிய ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் நிற்காமல் ஓடினாலும், சம்ப் மோட்டார் தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வில் சேறு அடைத்துத் தொட்டி நிரம்ப இருமடங்கு நேரம் பிடித்தாலும் யூனிட் ஏறும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. தண்ணீர் நின்றபோது அளவெடுக்க ஆள் வராமல், நான்கு மாத ரீடிங்கை ஒரே பில்லாகப் போட்டிருந்தால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை. 300, 300 என்று இரண்டு பில்லாக வரவேண்டியது 600 ஆகிவிடும். 500-ஐத் தாண்டியதும் மிக மலிவான கட்டணப் படி பறிபோகும், இலவச யூனிட்டும் ஒருமுறைதான் கிடைக்கும். மின்வாரிய அலுவலகம் தானாகப் பிரித்துத் தராமல் விட்டிருக்கலாம். வராதது அவர்கள், மனுவோடு அலைய வேண்டியது மட்டும் நீங்கள்! மீட்டர் ரீடிங்கைக் குறிக்கும் வெள்ளையட்டையில் உள்ள தேதிகளை நகலெடுத்து, இரண்டு காலமாகப் பிரிக்கும்படி உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.